பாதி தூக்கிய கை

டீச்சர்,

இன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணிச் சங்கு இப்போதுதான் ஊதி ஓய்ந்தது. அரை நாள் வேலை முடிந்த சந்தோஷத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் முழுவதும் இந்த நேரத்துக்கு ஒரே சைக்கிள் மணிச் சத்தம். நான் மட்டும் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஒரு காரியம் செய்து மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை. நீங்கள் போய் மூன்று வாரம் ஆகிறது. ஆனால் என்ன, நீங்கள் இருந்தபோதும் நான் உங்களிடம் சொல்ல வேண்டியதைக் காலம் கடத்தித்தான் சொன்னேன். இதுவும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமைச் சங்கு மற்றவர்களுக்கு வீடு, சாப்பாடு, மத்தியானத் தூக்கம். எனக்கு அது நீங்கள். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையின் நடுவே நின்று, மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைச் சுளிக்கிற நீங்கள். பதினைந்து வருஷமாக இந்தச் சங்கு ஊதும்போதெல்லாம் அந்த உதட்டுச் சுளிப்புதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நம் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற கடிகாரம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஹெட்மாஸ்டர் அறையில் மாட்டியிருந்தது எப்போதும் நாலே கால் காட்டும். அது காலை நாலே காலா மாலை நாலே காலா என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். ஆவடித் தொழிற்சாலையின் சங்குதான் நமக்கு எல்லாம். காலையில் ஊதினால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எட்டரைக்கு ஊதினால் பிரார்த்தனை, பன்னிரண்டரைக்கு ஊதினால் சாப்பாட்டு மணி. ஆயாம்மா தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதே சங்கைக் கேட்டுத்தான். ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் பருத்திப்பட்டுக் காலனியில் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதுகூட அந்தச் சங்குக்குத்தான் நடந்தது.

நீங்கள் வேறு, தொழிற்சாலைக்காரர் வீட்டு அம்மா. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி நேரே குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். உங்கள் வீட்டுக்காரர், எங்களுக்கு ஸார், அவர் ஷிப்டுக்கு உலை வைத்து, ஸாரின் ஷிப்டுக்கு விளக்கணைத்து, சங்கோடேயே குடும்பம் நடத்தினீர்கள். உங்கள் வாட்ச் தினம் ஐந்து நிமிஷம் பின்தங்கும். பன்னிரண்டரைச் சங்கு ஊதியதும் வகுப்பில் எந்தக் கணக்கு பாதியில் நின்றாலும் சரி, முதலில் சாக்பீஸ் தூசியை ஊதிவிட்டு, வாட்ச்சின் காதைத் திருகி முள்ளை நகர்த்துவீர்கள். "மனுசன் பொய் சொல்லுவான், வாட்ச்சு பொய் சொல்லும். சங்கு பொய் சொல்லாது பிள்ள." இதை நாங்கள் உங்களைப் போலவே இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்போம். உங்களுக்கும் தெரியும். சொல்லுதேன், கேக்கேன், வாரேன் என்று நீங்கள் பேசுவதைப் பேசிக் காட்டுவதில் நான்தான் கெட்டிக்காரி என்பதும் தெரியும். ஒரு நாள் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "பேச்சு நல்லா வருது, பின்னம் வரலியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பின்னம் எனக்கு வரவே இல்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் இருபத்தி மூன்று வாங்கினேன். ரேங்க் அட்டையில் கையெழுத்துப் போடத் தெரியாத என் நைனா கட்டைவிரலை மையில் அழுத்தினாலும் எண் மட்டும் நன்றாகவே படிப்பார். அவர் சத்தம் போடவில்லை. எஸ்டேட்டில் தான் வேலை செய்யும் வார்ப்படக் கம்பெனிக்கு எதிர்ப்புறம் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற இடம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அங்கே பதினாலு வயசுப் பெண்களைப் பேக்கிங்குக்கு எடுக்கிறார்கள், கேள்வி கேட்பதில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். முழு ஆண்டில் கணக்கில் பாஸ் ஆனால் ஆவடி ஹைஸ்கூலில் ஒன்பதாவது சேர்ப்பது, ஆகாவிட்டால் பேக்கிங். அவ்வளவுதான் எங்கள் வீட்டுத் தீர்ப்பு. நைனாவைக் குறை சொல்லவில்லை. ஏரிப் பாசனக் கழனியில் கூலியாக இருந்து, கழனி எல்லாம் பிளாட் ஆனபோது எஸ்டேட்டுக்குப் போனவர். மூன்று பிள்ளைகள். அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

அந்த விஷயத்தை நான் உங்களிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து தினம் சாப்பாட்டு மணியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். தோசையை வட்டமாகப் பிய்த்துப் பின்னம் சொல்லிக் கொடுத்து, பிய்த்த துண்டுகளை எல்லாம் என்னையே தின்ன வைத்தீர்கள். பின்னம் வந்ததோ இல்லையோ, உடம்பு வைத்தது.

அந்த வருஷம் முழு ஆண்டுக் கணக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமை நடந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு விடுமுறை அறிவித்து, மறுநாள் சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு மட்டும்தான் பரீட்சை. ஹெட்மாஸ்டர் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். கொட்டகையில் நாற்பது பிள்ளைகள், நீங்கள் ஒருவர், வாசலில் ஆயாம்மா. பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். சித்திரை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் வழியாக உச்சந்தலையில் இறங்கியது.

எனக்குத் தெரிந்த கணக்குகளை முதலில் போட்டேன். தெரியாதவற்றில் முயன்று பார்த்தேன். வரைபடக் கணக்கும் வட்டிக் கணக்கும் கடைசியில் போடலாம் என்று வைத்திருந்தேன், அவை இரண்டும் எனக்கு நன்றாக வரும். மனசுக்குள் கூட்டிப் பார்த்தால் அதுவரை போட்டது இருபத்தெட்டுக்குத் தேறும். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். அரை மணி இருக்கிறது, தாராளமாகப் போதும் என்று வரைபடத் தாளை எடுத்து மேலே வைத்தேன். அப்போது சங்கு ஊதியது.

நீங்கள் வாட்ச்சைப் பார்த்தீர்கள். அது பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிஷம் இருப்பதாகக் காட்டியிருக்க வேண்டும். "அரை மணி நேரமாவா பின்தங்கும்? பாவம், இதுக்கும் வயசாயிட்டு" என்று உதட்டைச் சுளித்தீர்கள். அதன் காதைத் திருகினீர்கள். முள்ளைப் பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேனாவ வைங்க" என்றீர்கள்.

டீச்சர், எனக்குத் தெரியும். அது பன்னிரண்டரைச் சங்கு இல்லை, சனிக்கிழமை அரை நாள் சங்கு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். எங்கள் காலனியில் நல்ல தண்ணீர் கிடையாது. சனிக்கிழமை பன்னிரண்டுக்குச் சங்கு ஊதி ஆட்கள் வெளியேறியதும், குவார்ட்டர்ஸ் கேட் ஓரத்துக் குழாயில் வெளியாட்களை ஒரு மணி நேரம் தண்ணீர் பிடிக்க விடுவார்கள். வாரா வாரம் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நான் ஓடுவேன். எங்கள் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்குமே தெரிந்திருக்கும். பலருக்கு எழுதி முடித்தாயிற்று, சிலருக்கு எழுத ஒன்றும் இல்லை, மீதிப் பேருக்கு வீட்டுக்குப் போனால் போதும்.

நான் கையைத் தூக்கினேன். முழங்கை வரைக்கும்தான் போயிற்று. நீங்கள் முதல் வரிசையில் தாள்களை வாங்கத் தொடங்கியிருந்தீர்கள். சங்கு பொய் சொல்லாது என்று வருஷம் முழுக்கச் சொன்ன டீச்சரிடம் நாற்பது பேர் நடுவில் நின்று, சங்கு சரி, நீங்கள்தான் தப்பு என்று சொல்கிற தைரியம் என்னிடம் இல்லை. வாய்தான் பெரிசு எனக்கு. கையை இறக்கிக் காது மடலைச் சொறிவது போல வைத்துக்கொண்டேன். நீங்கள் வந்து என் தாளை வாங்கிக்கொண்டு போனீர்கள். மேலே இருந்த வரைபடத் தாள் வெள்ளையாக இருந்தது.

வெளியே வந்ததும் நான் அழவில்லை. குடத்தை எடுக்கப் போனேன். குழாயடியில் நிற்கும்போதுதான் அழுகை வந்தது, பக்கத்தில் நின்ற அத்தை வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

நீங்கள் எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்பதை ஸார் எனக்குப் பிற்பாடு சொன்னார். தாள்களைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். ஸார் குளித்து லுங்கி கட்டி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாராம். அவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டீர்களாம். சனிக்கிழமை என்றால் நீங்களும் வீட்டில் இருப்பீர்கள், அந்தச் சங்குக்கு அப்பளம் பொரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் நின்றால் அது வேலை நாள் என்று உங்கள் காது நம்பிவிட்டது. சங்குக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. வேறு ஊர் டீச்சராக இருந்தால் வாட்ச்சை நம்பியிருப்பார்.

செருப்பைக் கழற்றாமல் திரும்பி ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனீர்கள். அவர் பயந்த மனுஷர். முத்திரை வைத்தாயிற்று, யாரும் புகார் சொல்லவில்லை, ஆளுக்குப் பத்து மார்க் சேர்த்துப் போட்டுவிட்டால் முடிந்தது என்றாராம். எழுதாத கணக்குக்கு மார்க் போட்டால் தப்பு ரெண்டாகிவிடும் என்று நீங்கள் சொன்னீர்களாம். திங்கட்கிழமை காலை அரை மணி நேரம், புதுக் கேள்விகளோடு, விட்டதை எழுத வைக்கப் போகிறேன், கேட்டால் என் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள். அப்போதெல்லாம் யார் வீட்டில் போன் இருந்தது? சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு முழுவதும் நாற்பது வீட்டுக்கும் நடந்தீர்கள். ஏரிக்கு அந்தக் கரை, இந்தக் கரை, ரயில்வே கேட்டுக்கு அப்பால் என்று எங்கெங்கோ இருந்த வீடுகள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம். நைனா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்ததும் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கழனிக் காலத்துப் பழக்கம், அவருக்கே தெரியாமல் கை செய்துவிடும். அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நீங்கள் உட்காரவில்லை. முகமெல்லாம் வெயில் குடித்துச் சிவந்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

"உங்க பிள்ளையோட அரை மணி நேரத்த நான் எடுத்துட்டேன். தப்பு எம்பேர்ல. திங்கக்கிழமை காலைல அனுப்பி வைக்கணும்."

"இன்னா டீச்சர் இது, நீங்கோ போயி எங்களாண்ட இப்பிடி..." என்று நைனா தடுமாறினார். நீங்கள் இரண்டு கையையும் கூப்பிவிட்டு, அடுத்த வீடு எது என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். தண்ணீர்கூட நின்றுகொண்டேதான் குடித்தீர்கள்.

நைனா அதற்குப் பிறகு வெகு நேரம் சைக்கிள் பக்கம் போகவில்லை. துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அம்மாவைப் பார்த்துச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "எங்க நைனா ஆயுசுக்கும் அந்தக் கயினில கூலியா நின்னாரு. நானும் நின்னேன். தப்பு எம்பேர்லன்னு ஒருத்தன் இந்த ஊட்டு வாசல்ல வந்து நின்னுகீறானா?" பிறகு, திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அரை நாள் வேலையை விட்டுவிட்டு என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அழைத்து வந்தார். அந்த அரை மணி நேரமும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார். நான் எழுதும்போது ஜன்னல் வழியாக அவர் தலைத் துண்டு தெரிந்தது.

அன்று காலை தாள் கொடுக்கும் முன் எங்களிடமும் அதையே சொன்னீர்கள். தப்பு என் பேரில், நான் வாட்ச்சைத் திருப்பினேன், சங்கு மேல் பழி இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதாவது நான் எழுந்து, எனக்கும் தெரியும் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். வரைபடத் தாள் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று சொல்வது பொய். மறந்த மாதிரி இருந்தேன்.

முப்பத்தொன்பது வாங்கினேன். இன்று எஞ்சினுக்குள் போகும் இரும்பு உருளையான பிஸ்டன் பின்னை மைக்ரோமீட்டரில் வைத்து மயிரிழையில் கால்வாசி வித்தியாசம் சொல்கிற கைக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு முப்பத்தொன்பது என்றால் யாரும் நம்புவதில்லை. நைனா அந்த ரேங்க் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். ஒன்பதாவது, பத்தாவது, பிறகு பாலிடெக்னிக் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பேக்கிங் என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வரவேயில்லை.

உங்களுக்கு என்ன கிடைத்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், மெமோ வந்தது, உங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு தள்ளிப்போனது, உங்களுக்குப் பிறகு சேர்ந்தவர் பக்கத்து ஊரில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனார். பாலிடெக்னிக் படிக்கும்போது இதைக் கேள்விப்பட்டு ஓடிவந்து நான் வருத்தப்பட்டபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனால் கணக்கு எடுக்க முடியாது, கணக்குதான் பார்க்க முடியும், எனக்கு அது வேண்டாம் என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முழுக்க நிஜமில்லை. அது எனக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயம் அந்த வருஷத்திலிருந்து மாறியது என்று என் தங்கை வந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அடுத்த வருஷம் அவள் ஆறாம் வகுப்பில் உங்களிடம் படித்தாள். வகுப்பில் யாராவது கையைப் பாதி தூக்கி இறக்கினால் போதுமாம். பாடம் நின்றுவிடுமாம். "யாரு அது, பாதிக் கை?" என்று தேடிப் பிடித்து, என்ன சொல்ல வந்தாய் என்று கேட்காமல் விடமாட்டீர்களாம். பேன் கடித்துத் தலை சொறிந்த பையனை எழுப்பி, பரவாயில்ல சொல்லு சொல்லு என்று நீங்கள் கெஞ்ச, அவன் பயத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்த கதையை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் சிரித்தோம். பிள்ளைகள் வேண்டுமென்றே பாதிக் கை தூக்கி வகுப்பை நிறுத்துவார்கள் என்றும் சொல்வாள். அதுவும் தெரிந்துதான் நின்றீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது டீச்சரின் புதுக் கிறுக்கு, அவ்வளவுதான்.

நான் சம்பாதிக்கத் தொடங்கி, முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட்டுக்குக் குடிபோய், நைனாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிவந்து, கல்யாணமும் ஆகி, ஒரு பிள்ளையும் பெற்றாயிற்று. நீங்களும் பூந்தமல்லிப் பக்கம் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, குமணன்சாவடியில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து நிற்பேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். எனக்குத் தெரிந்திருந்தது, நான் வாயைத் திறந்திருந்தால் உங்கள் மெமோவும் இல்லை, இரண்டு நாள் நடையும் இல்லை என்று. வந்து உங்கள் கையால் சுக்குக் காப்பி குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிடுவேன். இத்தனைக்கும் கம்பெனியில் நான் பேசினால் நாலு ஷெட்டுக்குக் கேட்கும்.

போன மாதம் உங்களுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஸார் கம்பெனிக்கே போன் செய்தார். அரை நாள் லீவு போட்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது, வாட்ச் நிற்கும் அளவுக்குக் கூட சதை இல்லை. ஸார் மருந்து வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, நான் சொன்னேன். சனிக்கிழமைச் சங்கு என்று எனக்குத் தெரியும் டீச்சர், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன்.

நீங்கள் அவசரப்படவில்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"தெரியும் பிள்ள. நீ கையைத் தூக்குன. பாதி தூக்குன. நான் பாத்தேன்."

நான் தலையை நிமிர்த்தினேன். நீங்களே தொடர்ந்தீர்கள்.

"பாத்தும் பாக்காத மாதிரி தாள வாங்கப் போயிட்டேன். எழுதத் தெரியாத பிள்ள, இன்னும் நேரம் கேக்குன்னு நெனச்சேன். வாட்ச்சத் திருப்புனது சின்னத் தப்பு. அதுக்கா வீடு வீடா நடப்பேன்? அந்தக் கையப் பாத்துட்டு நிக்காமப் போனேம் பாரு, அதுக்குத்தான் நடந்தேன்."

பதினைந்து வருஷம் நான் சுமந்து திரிந்தது என் தப்பு என்று நினைத்திருந்தேன். அதே பதினைந்து வருஷம் அதே கையை நீங்களும் சுமந்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கிறோம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உங்கள் காலடியில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். நீங்கள் என் தலையைத் தட்டி, ஸார் வருகிறார், முகத்தைத் துடை என்றீர்கள். நான் கிளம்பும்போது பின்னம் இப்போது வருகிறதா என்று கேட்டீர்கள். வருகிறது என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் டிபார்ட்மெண்டில் புதிதாக ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். திருநின்றவூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு வந்தவள், வாய் திறந்து பேசியதை நான் இன்னும் கேட்கவில்லை. காலை பதினொரு மணிக்கு ஒரு லாட் பிஸ்டன் பின் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. லாரி வெளியே காத்திருந்தது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தபடி என் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் ஒரு பின்னை அளவு சரிபார்க்கிற கேஜில் வைத்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கை முழங்கை வரை எழும்பியது. மேனேஜரைப் பார்த்ததும் அந்தக் கை இறங்கிக் காதோரம் போய் முடியை ஒதுக்கியது.

நான் நிறுத்தச் சொன்னேன். ஏறிய பெட்டிகளை இறக்கச் சொன்னேன். மேனேஜர் என்ன ஏது என்று கேட்டதற்கு, தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். லாரி நின்றது, டிரைவர் திட்டினான், நான் ஒவ்வொரு பெட்டியிலும் எடுத்து அளந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஒன்றும் இல்லை டீச்சர். சரக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெண் எடுத்துப் பார்த்த அந்த ஒரு பிஸ்டன் பின் மட்டும் அப்போதுதான் கிரைண்டிங்கிலிருந்து வந்தது, சூடு ஆறவில்லை. சூட்டில் இரும்பு கொஞ்சம் பெருத்துத்தான் காட்டும், ஆறினால் அளவுக்கு வந்துவிடும். புதுசு, அவளுக்குத் தெரியவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். லாரியை நிறுத்தியதற்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். காரணத்துக்கான இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. நிறுத்தச் சொன்னது நான் என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். உங்களைப் போலவே எனக்கும் ஒரு மெமோ வரலாம். வரட்டும்.

அவள் ஸ்டோர் ரூம் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரி மேடம். இனிமே கையே தூக்க மாட்டேன்" என்றாள். சூடான பின்னை ஏன் அளக்கக் கூடாது என்று முதலில் சொல்லிக் கொடுத்தேன். அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முழங்கை வரை தூக்கினேன், அங்கே நிறுத்தாமல் தலைக்கு மேலே கொண்டுபோய் விட்டேன்.

"அடுத்த வாட்டி இங்க வரைக்கும் தூக்கு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. நான் என் வாட்ச்சைப் பார்த்தேன், பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. முள்ளை நகர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டேன், டீச்சர்.

உங்கள்
மல்லிகா